நான் மஞ்சள் துணி கட்டிய மரம்

"உங்க பொண்ணு மரம் மூச்சு விடுதுன்னு சொல்லுதே தம்பி, ஒரு நல்ல டாக்டரா பாத்துக் காட்டுங்க."

கோயில் தலைவர் அப்பாவிடம் இதைச் சொன்னபோது எனக்குப் பதினோரு வயது. வெள்ளிக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் சுண்டல் தின்றுகொண்டிருந்த நேரம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். தலைவர் சொன்னதை நான் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். அப்பா சிரித்ததை மறக்க வருசங்கள் ஆயின.

உங்களில் சிலரும் அன்று அங்கே இருந்தீர்கள். போர்ட் கிள்ளானில் அந்த நாலு மாடி பிளாட்டில் என்னோடு வளர்ந்தவர்கள்தானே நீங்கள். இப்போது சுங்கை வேயில் சிலர், டெங்கில் பக்கம் சிலர், கல்யாணமாகி ஜொகூர் போனவர்கள் சிலர். இருபத்தாறு வயதில் இவள் என்ன பழைய கதை எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். தலை நரைத்த பிறகு எழுதிக்கொள்ளலாம்தான். ஆனால் அந்த ஆற்றங்கரையில் மிச்சமிருக்கும் மரங்கள் அதுவரை இருக்காது. அதனால் இப்போதே எழுதுகிறேன். அந்த ஒரு வருசத்தில் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்ட மாதிரி இல்லாமல், நடந்த மாதிரி.

முதலில் அந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். பிளாட்டுக்குப் பின்னால் கோயில். கோயிலுக்குப் பின்னால் ஆறு. ஆறு என்று நாம் சொன்னோமே தவிர, அது கடலின் ஒரு விரல். நாளுக்கு இரண்டுமுறை ஏறும், இரண்டுமுறை வற்றும். அக்கரையில் கண்டெய்னர்கள் சிவப்பும் நீலமுமாக அடுக்கியிருக்கும். வற்றின நேரத்தில் அழுகிய முட்டை வாடை மூன்றாம் மாடிவரை வரும். அம்மா சன்னலைச் சாத்துவார். நான் திறப்பேன்.

சேற்றில் எத்தனை உயிர்கள் இருந்தன, ஞாபகம் இருக்கிறதா? மண்டைக்கு மேல் கண் வைத்த மீன்கள் துடுப்பை ஊன்றித் தரையில் நடக்கும். அதற்கு நாம் வைத்த பேர் முழிக்கண்ணன். ஒரு கை மட்டும் பெருத்த குட்டி நண்டுகள் வரிசையாக நின்று கையை ஆட்டும். சாலைச் சந்தியில் நிற்கும் ஆளைப்போல இருந்ததால் அது போலீஸ் நண்டு. விடிகாலையில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று கீச்சுக் கீச்சென்று பேசிக்கொண்டே நீந்திப் போகும். கரையோரம் நின்ற மரங்களின் இலைகளில் உப்புப் பூத்திருக்கும். மாங்காய் திருடித் தின்னும்போது உப்பு வேண்டுமென்றால் அந்த இலையைத்தான் நக்கினோம். கீழ் வீட்டு மலாய்க்கார அங்கிள் அதை ஆப்பி-ஆப்பி மரம் என்பார். நம் வீட்டில் அதற்குப் பேரே இல்லை. எல்லாம் 'சேத்துச் செடி.'

நம் செருப்புகள் எத்தனை அந்தச் சேற்றுக்குள் இருக்கின்றன. என்னுடையது மட்டும் மூன்று. மூன்றும் இடது கால்.

வானத்தில் எப்போதும் நாலைந்து கருடன் சுற்றும். கோயில் கும்பாபிஷேகத்தன்று கலசத்துக்குத் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் கருடன் வந்து வட்டமிட்டது, எல்லாரும் கைகூப்பி அழுதார்கள், அதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "தெனமும்தான் சுத்துது, ஆத்துல மீன் இருக்குல்ல" என்று நான் பக்கத்தில் நின்ற மாமாவிடம் சொன்னேன். மாமா என் தலையில் குட்டினார். ஆனால் நான் சொன்னதில் அவமரியாதை ஏதுமில்லை. தினமும் கருடன் சுற்றும் இடம் எப்பேர்ப்பட்ட இடம் என்றுதான் சொல்ல வந்தேன். அதைச் சொல்லத் தெரியவில்லை.

இனி அந்த வேர்கள். ஆப்பி-ஆப்பி மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருக்குமே, அவைதாம். ஒரு மரத்துக்கு நூறோ ஆயிரமோ. நாம் அவற்றுக்கு நடுவே கால் வைத்து ஓடப் பழகியவர்கள். பெரியவர்கள் அப்படி இல்லை. அவர்கள் வருசத்துக்கு ஒருமுறை, ஆடித் திருவிழாவில் கரகம் எடுக்க மட்டும் அங்கே இறங்குவார்கள். வெறுங்காலோடு.

அந்த வருசம் கரகம் தூக்கியவர் அப்பா. கண்டெய்னர் லோரி ஓட்டுபவர், முறை வேலையை மாற்றிக்கொண்டு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தார். தண்ணீர் ஏறியிருந்த நேரம், முட்டிவரை. உறுமி மேளம் கரையில் முழங்கிக்கொண்டிருந்தது. அப்பா கரகத்தில் தண்ணீர் மொண்டு தலையில் வைத்துக்கொண்டு திரும்பினார். அடுத்த அடியில் அவர் முகம் கோணியதை நான் பார்த்தேன். வலது கால். தண்ணீருக்குள் மறைந்திருந்த வேர் ஒன்று பாதத்தில் ஏறிவிட்டது. கரகம் சாய்ந்தது. தண்ணீர் கொட்டியது. வேப்பிலை அவர் தோள்மேல் விழுந்து ஆற்றோடு போனது. மேளம் நின்றுவிட்டது.

கரகம் சாய்ந்த வீட்டுக்கு என்ன பேர் கிடைக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விரதத்தில் குறை என்றார்கள். அம்மா தீட்டோடு எதையோ தொட்டுவிட்டாள் என்றார்கள். அப்பாவுக்குப் பாதம் சீழ் பிடித்தது. இரண்டு வாரம் கிளச்சை மிதிக்க முடியாமல் வீட்டில் கிடந்தார். அவர் மாடியிலிருந்து அந்த வேர்களைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் தெரிகிறது.

கால் ஆறியதும் கோயில் கமிட்டி முடிவெடுத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோத்தோங்-ரோயோங், எல்லாரும் கூடிச் செய்யும் துப்புரவு வேலை. ஆளுக்கொரு பாராங் கத்தி. கரையில் நீட்டிக்கொண்டிருக்கும் 'முள்' எல்லாவற்றையும் தரையோடு வெட்டிவிட வேண்டும். முன்னால் நின்று நடத்தப்போவது அப்பா.

அந்தச் சமயத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். யாரும் சொல்லித் தரவில்லை. தண்ணீர் ஏறும் நேரத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஒவ்வொரு பென்சிலாக மூடும்போது சிலவற்றின் நுனியிலிருந்து பொடிப் பொடியாகக் குமிழி வரும். அம்மா டெங்கில் பக்கம் தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் கன்று வளர்க்கும் நர்சரியில் வேலை செய்தவர். மூன்றாம் ஆண்டோடு பள்ளியை விட்டவர். பிளாட்டுக்கு வந்த பிறகும் நடைபாதையில் கறிவேப்பிலை நட்டால் பையில் ஓட்டை போட்டுவிட்டுத்தான் மண் போடுவார். "வேருக்கும் காத்து வேணும்லா. தண்ணியிலயே நின்னா செத்துரும்" என்பார். அப்படியானால் நாளெல்லாம் தண்ணீரில் நிற்கும் மரம் எப்படிப் பிழைக்கிறது? அந்தக் குமிழியையும் அம்மாவின் ஓட்டையையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான்.

பள்ளியில் மரம் வரையச் சொன்னபோது வேரை மேல்நோக்கி வரைந்தேன். ஆசிரியை சிவப்பு மையால் அதை அடித்து, 'வேர் கீழே செல்லும்' என்று எழுதினார். நான் மறுபடியும் மேல்நோக்கியே வரைந்து கொடுத்தேன். மறுபடியும் அடித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை தலைவரிடம் போய், "வெட்டாதீங்க அங்கிள், அது முள்ளு இல்ல, மரம் அது வழியாத்தான் மூச்சு விடுது" என்றேன். மீதியைத்தான் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவிடம் மறுபடி சொன்னேன்.

"உன் அப்பன் காலு பெருசா, அந்த மரம் பெருசா?" என்றார்.

"ரெண்டும்தான்ப்பா."

"சோத்தைத் தின்னு."

நான் சொல்லி நடக்காது என்று தெரிந்துவிட்டது. யார் சொன்னால் கேட்பார்கள் என்று யோசித்தேன். பதினோரு வயதில் நான் முட்டாளாக இருக்கவில்லை. நம் ஆட்கள் எந்த மரத்தை வெட்டப் பயப்படுவார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

சாமி அறை இழுப்பறையில் அம்மா பால்குடத்துக்கு வாங்கிய மஞ்சள் துணியில் ஒரு முழம் மிச்சம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அதை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஒரு பொட்டலம் குங்குமம், ஓர் எலுமிச்சம்பழம். கரையில் எல்லாவற்றையும்விடப் பெரிய மரம், இரண்டு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அதன் தாழ்ந்த கிளை ஒன்றில் துணியைக் கட்டினேன். அடிமரத்தில் குங்குமத்தை அழுத்தித் தடவினேன். பழத்தைக் காலால் நசுக்கி அடியில் வைத்தேன். எல்லா மரத்துக்கும் கட்டத் துணி போதவில்லை. ஒன்றையாவது காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தேன்.

எட்டு மணிக்கு ஆண்கள் வந்தார்கள். நான் மாடியில் நின்று பார்த்தேன். அப்பாதான் முதலில் பார்த்தார். பாராங் கையில் அப்படியே நின்றது.

"யாருலா இது கட்டுனது?"

தலைவர் கிட்டே போனார். துணியைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார். மெதுவாகச் செருப்பைக் கழற்றினார். அப்பாவும் கழற்றினார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும். சேற்றில் வெறுங்காலோடு நின்று கும்பிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்த மரத்தின் வேர் ஒன்றைக்கூட அவர்கள் தொடவில்லை. மற்ற மரங்களின் வேர்களை மதியத்துக்குள் வழித்து எடுத்துவிட்டார்கள். வெட்டின இடத்தில் ஏழு வேப்பங்கன்று நட்டார்கள். அடுத்த பெரிய ஏற்றத்தில் உப்புத் தண்ணீர் வந்து நின்றது. ஏழும் கருகின. அதற்கும் யாரோ கண் வைத்ததாகப் பேச்சு.

பிறகு நடந்ததை நான் கணக்குப் போடவில்லை.

மூன்றாம் நாள் மரத்தடியில் ஒரு விளக்கு எரிந்தது. பத்தாம் நாள் சூலம் ஒன்று நட்டிருந்தது. ஒரு மாதத்தில் கிள்ளானிலிருந்து கார்கள் வந்தன. லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டு மரத்தைத் தடவிப் பார்க்கும் அங்கிள்மார்கள், பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டும் அக்காமார்கள். மஞ்சள் தண்ணீர், பால், கற்பூரம். போலீஸ் நண்டுகள் வேறு பக்கம் போய்விட்டன. இருந்தாலும் மரம் நின்றது. உச்சியில் கொக்குகள் கூடு வைத்திருந்தன. பரவாயில்லை என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தீபாவளி கழிந்த வாரம் ஒருவர் வேண்டுதல் பலித்ததென்று வந்தார். அம்மன் சேற்றில் நிற்கக் கூடாது, நான் மேடை கட்டித் தருகிறேன் என்றார். உடைந்த செங்கல், மணல், சிமெண்டு. மரத்தைச் சுற்றி இடுப்புயரச் சதுர மேடை, மேலே வழவழவென்று மணப்பெண் புடவை நிறத்தில் டைல். அந்த மணலைத் தன் கூட்டாளியின் லோரியை இரவல் வாங்கி ஏற்றி வந்தவர் அப்பா. கரகம் சாய்ந்த பழி தன் வீட்டைவிட்டுப் போகும் என்று நம்பினார். அம்மனே தன் கண்ணில்தான் முதலில் பட்டாள் என்று துறைமுகம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

பள்ளி விட்டு வந்து பார்த்தபோது செங்கல் கொட்டியாகிவிட்டது. நான் காப்பாற்றி வைத்த அத்தனை வேர்களும் அதற்கு அடியில்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. சீருடையோடு கோயிலுக்குள் போனேன். தலைவர், கொத்தனார், அப்பா, அம்மா, பூக்கட்டும் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள்.

"அங்கிள், அது சாமி இல்ல. நான்தான் துணி கட்டினேன்."

யாருக்கும் உடனே புரியவில்லை. மறுபடி சொன்னேன். எங்கிருந்து துணி எடுத்தேன், எப்போது கட்டினேன், எலுமிச்சம்பழம் எந்தக் கூடையிலிருந்து என்று எல்லாம் சொன்னேன். அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு அந்த ஒரு முழத் துணி காணாமல்போனது தெரியும்.

தலைவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நீதான் கட்டுனியா?"

"ஆமா."

"உனக்கு யாரு கட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாத்தான்."

"அத்தனை மரம் இருக்கு. ஏன் இந்த மரத்துல கட்டுன?"

"பெரிசா இருந்துச்சு."

"விடியக்காலையில, பொம்பளப் புள்ள, பயமில்லாம தனியா எறங்கிப் போயி, சரியா இந்த மரத்துல." அவர் எல்லாரையும் பார்த்தார். "பாத்தீங்களா. அம்மா தனக்கு வேணுங்கிறதைக் கொழந்த கையால கட்டிக்கிட்டா."

பூக்கட்டும் ஆன்டி ஒருவர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். நான் காலை உதறினேன்.

"சாமி சொல்லல ஆன்டி. வேரை வெட்டக் கூடாதுன்னு நானே பொய் செஞ்சேன். இப்ப சிமெண்டு போட்டா மரம் செத்துரும். செங்கல்லை எடுக்கச் சொல்லுங்க."

"செத்துரும்னு கோயிலுக்குள்ள சொல்லாத" என்றார் கொத்தனார்.

அப்பா எழுந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். மாடிப்படியில் ஏறும்போது ஒன்றே ஒன்று கேட்டார்.

"அன்னிக்கு நான் செருப்பைக் கழட்டினப்ப நீ எங்க இருந்த?"

"மேல. பாத்துக்கிட்டு இருந்தேன்."

"சிரிச்சியா?"

பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். "சிரிச்சேன்ப்பா" என்றேன்.

அவர் என்னோடு பேச மூன்று மாதம் ஆனது. இன்று யோசித்தால் அவர் பக்கமும் தெரிகிறது. ஊர் முன்னால் ஒருமுறை வேர் அவரைத் தலைகுனியவைத்தது. அடுத்த முறை மகள். இரண்டுக்கும் நடுவில் அவருக்குக் கிடைத்த ஒரே மரியாதை அந்த மரம். அதையும் நான் பொய் என்று சொல்லிவிட்டேன்.

மேடை எழும்பியது. சீனப் புத்தாண்டு லீவுக்குள் இலைகள் மஞ்சளாயின. பிறகு கொட்டின. கொக்குகள் போய்விட்டன. தைப்பூசமும் மாசியும் கழிந்தபோது மரம் பட்டை உரிந்து, எலும்பாக நின்றது. வேர் வெட்டுப்பட்ட மரங்கள்கூட அப்போது உயிரோடிருந்தன. வெட்டுப்பட்டது துளிர்த்துக்கொள்ளும். மூடப்பட்டதுக்கு வழியில்லை. நான் காப்பாற்றிய மரம்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் செத்தது.

அதற்கு ஊர் சொன்ன காரணத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். உங்களில் சிலரே சொல்லியிருப்பீர்கள். 'அந்தப் பொண்ணு வாய் வெச்சா, அம்மா மலையேறிட்டா.' பள்ளி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரப் பயந்தவர்கள் யார் யார் என்று பேர் சொல்ல மாட்டேன். மரத்தை வாயால் கொன்றவள் என்று பதினேழு வயதுவரை கேட்டேன். நான் அழுது முடங்கிவிடுவேன் என்று நினைத்திருந்தால், என்னை உங்களுக்குத் தெரியவில்லை. மரம் ஏன் செத்தது என்று நிரூபிக்காமல் விடுவதில்லை என்று வைராக்கியம் வந்தது. நம் வீட்டில் யாரும் பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவம் தாண்டியதில்லை. தாண்டினேன். பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கிடைத்தது. "டாக்டருக்குப் படிக்கலியா" என்று கேட்டவர்களிடம் அப்பா, "எம்மக சேறு படிக்கிறா" என்று சொல்லித் திரிந்தார். பெருமையா கேலியா என்று அவருக்கே தெரியாத குரல்.

இரண்டாம் வருசம் ஒரு நாள் வகுப்பில் திரையில் அந்தப் பென்சில்கள் தெரிந்தன. அவற்றுக்கு ஒரு பேர் இருந்தது. தமிழில் மூச்சுவேர் என்கிறார்கள். பேராசிரியர் சாதாரணமாக, இவற்றைச் சேறோ குப்பையோ மூடினால் மரம் இறந்துவிடும் என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். இருநூறு பேர் அதைக் குறித்துக்கொண்டார்கள். நான் பேனாவை மூடி வைத்தேன். பள்ளியில் ஐந்தாம் ஆண்டிலேயே எனக்குத் தெரிந்த விசயம். அதற்கு ஒரு சிவப்புக் கோடும் ஒரு டாக்டர் சிபாரிசும் கிடைத்திருந்தன.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. கரையின் உள்பக்கம் பால் வடியும் மரம் ஒன்று நிற்குமே, பால் கண்ணில் பட்டால் குருடாகிவிடும் என்று அம்மா விரட்டுவாரே, அதுதான் தில்லை. சிதம்பரத்துக்குப் பேர் கொடுத்த தில்லை மரம். அது கடலோரச் சேற்று மரம். கோயில் கட்டும்போது நம் ஆட்கள் முதலில் வெட்டிச் சாய்த்தது அதைத்தான். கோயில் வாசலில் வேம்பு நட இடம் வேண்டுமாம்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். பயத்தை வைத்து ஒரு மரத்தைக் காப்பாற்றலாம் என்று நினைத்தேன். பயந்தவன் கும்பிடுவான், கும்பிடுபவன் மேடை கட்டுவான் என்பதை யோசிக்கவில்லை. இனி யாரிடமும் பொய் சொல்லி எதையும் காப்பாற்றப் போவதில்லை. தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்வேன், கேட்கும்வரை சொல்வேன்.

இப்போதைய நிலை இது. ஒவ்வொரு ஆடிக்கும் வேர்களை வழித்து வழித்துக் கரையின் முன்வரிசை போய்விட்டது. மண்ணைப் பிடிக்க ஆளில்லை. கரை உள்வாங்கிக்கொண்டே வருகிறது. பெரிய ஏற்றத்தில் கோயில் மடைப்பள்ளிக்குள் தண்ணீர் வருகிறது, அம்மாவும் மற்ற ஆன்டிகளும் கணுக்கால் தண்ணீரில் நின்று பொங்கல் கிண்டுகிறார்கள். நான் போன மாதம் வற்றின நேரத்தில் இறங்கி எண்ணினேன். பெரிய மரம் இருபத்து மூன்று மிச்சம். பின்னால் தில்லை இரண்டு. முழிக்கண்ணன்கள் இருக்கின்றன. நீர்நாய்த் தடமும் பார்த்தேன். தலைவர் இன்னும் தலைவர்தான். கமிட்டியின் புதுத் திட்டம், அந்த இருபத்து மூன்றையும் எடுத்துவிட்டு மண் கொட்டித் திருவிழாவுக்கு வரும் கார்களுக்கு இடம் செய்வது.

நான் ஒரு திட்டம் வரைந்து கொண்டுபோனேன். கோயில் பின்வாசலிலிருந்து தண்ணீர்வரை கால் ஊன்றி உயர்த்திய பலகைப் பாதை. வேர்கள் அடியில் அப்படியே இருக்கும். கரகம் தூக்குபவர் காலில் ஒன்றும் ஏறாது.

தலைவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பலகை மேல நடந்து எடுத்தா அது மண்ணு மிதிக்காத கரகமா போயிடும்மா."

"கடைசி மூணு படி தண்ணிக்குள்ள எறங்குது அங்கிள். அந்த எடத்துல வேர் இல்ல, நான் அளந்துட்டேன். மண்ணை மிதிச்சுத்தான் மொள்ளப் போறீங்க."

அவர் படத்தில் அந்த மூன்று படிகளையும் விரலால் எண்ணினார். பிறகு தாளை மடித்து என்னிடம் நீட்டினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கமிட்டியில இருக்கிறவங்கதான் திட்டம் கொண்டு வரலாம். அதான் சட்டம்."

"அப்ப கமிட்டிக்கு வரேன்."

"பாக்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம், அது உங்களுக்கே தெரியும்.

அப்பாவிடம் என் பேரை முன்மொழியச் சொன்னேன். அவர் பாதத்தைத் தடவினார். "நீ தோத்தா ஊரு முன்னால எனக்கு இது மூணாவது வாட்டிலா" என்றார். கையெழுத்துப் போடவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை. அவர் ஓட்டு அவருடையது. அம்மா ஒன்றும் கேட்காமல் பேனாவை வாங்கினார். மடைப்பள்ளியில் இருபது வருசம் நின்றவர், அவரும் உறுப்பினர்தான். மூன்றாம் ஆண்டுவரை படித்த எழுத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பேரை முழுசாக எழுதினார். வழிமொழிந்தது உங்களில் ஒருத்தி. சுங்கை வேயிலிருந்து ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்தாள். சின்ன வயதில் பஸ்ஸில் என்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்தவள். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வேட்புப் படிவத்தைக் கோயில் செயலாளரிடம் கொடுத்தேன். மேலும் கீழும் பார்த்தார்.

"பொம்பளைங்க யாரும் இதுவரைக்கும் குடுத்ததில்லையேம்மா."

"குடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கா அங்கிள்?"

சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பொறுமையாக நின்றேன். "எழுதலை" என்றார்.

"அப்ப வாங்கிக்குங்க."

படிவத்தில் பேருக்கு முன்னால் 'திரு' என்று அச்சடித்திருந்தது. அதை அங்கேயே, அவர் முன்னாலேயே, ஒரே கோடாக அடித்தேன். ஓட்டெடுப்பு அடுத்த மாதம் கடைசி ஞாயிறு, காலை பத்து மணி. உங்களில் பதினாறு பேருக்கு அங்கே ஓட்டு இருக்கிறது, பட்டியல் பார்த்துவிட்டேன். செயலாளர் முத்திரையைத் தேடி எடுத்து, மையில் தோய்த்து, என் நகலில் குத்தினார். காயும்வரை ஊதினேன். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினேன்.